பாவையிடம் கற்ற மூச்சு

மூச்சும் இதயத் துடிப்பும் நின்றுவிட்ட மனிதனின் மூளை, நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் பழுதடையத் தொடங்குகிறது என்கிறது உடலியல். நெடுந்தீவிலிருந்து புறப்படும் படகு குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. அங்கிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குத் தரைவழித் தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இந்த எண்களை ஒரு தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள். தீவகத்து மனிதனின் வாழ்வும் சாவும் எந்தக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பது விளங்கும்.

புங்குடுதீவின் இறுப்பிட்டியிலே பிறந்தவனுக்கும், நயினாதீவிலோ நெடுந்தீவிலோ பிறந்தவனுக்கும் நீர் புதியதன்று. கடல் அவன் வயல். தாம்போதி அவன் தெரு. துரவும் கேணியும் குளமும் அவன் பிள்ளைகள் விளையாடும் இடங்கள். களங்கண்ணி கட்டுவோரும் கடலட்டைக்கு மூழ்குவோரும் நாள்தோறும் நீரோடு பொருதியே சோறு தேடுகின்றனர். அந்த நீர் ஒருநாள் ஒரு மூச்சை நிறுத்திவிட்டால் பெரிய வைத்தியசாலையும் நிபுணரும் இயந்திரங்களும் கடலுக்கு அப்பால்தான் இருக்கின்றன. அந்த நான்கு நிமிடத்துக்குள் வந்து நிற்கக் கூடியவர் யார்? சிறிய தீவு வைத்தியசாலையில் தனித்துப் பணிபுரியும் ஒரு தாதி, அல்லது மருத்துவிச்சி, அல்லது படகோட்டி, அல்லது பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவன்.

இவர்களுடைய கைகள் அந்த வித்தையை எங்கே கற்கும்? எவருடைய உடலிலே பழகும்? இன்று தாதிய மாணவர்களுக்கு உயிர்மீட்புக் கலை மனித உருவப் பாவைகளைக் கொண்டு கற்பிக்கப்படுகிறது. அதனைப் பாவனைப் பயிற்சி என்கிறோம். இஃது ஏதோ செல்வ நாடுகளின் புதுமோகம் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. அதன் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பாவையின் பின்னால் ஏழைகளின் உடல்களும், இகழப்பட்ட பெண்களின் அறிவும் மறைந்து கிடப்பதைக் காணலாம்.

எவருடைய உடல்?

வைத்தியம் கைத்தொழில். நூலிற் படித்தால் மட்டும் அது வராது. கை பழக வேண்டும். கை பழகுவதற்கு ஓர் உடல் வேண்டும். நூற்றாண்டுக் கணக்காக அந்த உடல் ஏழையினுடையதாகவே இருந்து வந்தது.

இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்களை அறுவைக்கு வழங்கியது. அது போதவில்லை. கல்லறைகளைத் தோண்டிப் பிணந்திருடும் தொழில் தழைத்தது. எடின்பரோவில் பேர்க், ஹெயர் என்ற இருவர் 1828இல் பதினாறு பேரைக் கொன்று, பிணங்களை உடற்கூற்று ஆசிரியருக்கு விற்றனர். இக்கொடுமைக்கு முடிவு காணப் பிறந்த 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம் என்ன செய்தது? வறியோர் விடுதிகளில் இறந்து, உரிமை கோர ஆளில்லாமற் கிடந்த ஏழைகளின் உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு எடுத்துக்கொடுத்தது. நேற்றுவரை கொலைக்குத் தண்டனையாக இருந்தது, அன்றுமுதல் வறுமைக்குத் தண்டனையாயிற்று.

உயிருள்ளோர் நிலையும் வேறல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் மகப்பேற்று வைத்தியம் கற்பித்த வில்லியம் ஸ்மெல்லி, ஏழைப் பெண்களுக்குக் கட்டணமின்றிப் பிரசவம் பார்த்தார். தம் மாணவர்கள் உடனிருந்து பார்த்துப் பழக அவர்கள் இசைய வேண்டும் என்பதே அதற்கு விலை. அமெரிக்காவின் அலபாமாவிலோ 1840களில் மாரியன் சிம்ஸ் என்ற வைத்தியர், அனார்கா, பெற்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களின் உடலில், மயக்க மருந்துமின்றி, மீண்டும் மீண்டும் அறுவை செய்து தம் முறையைத் தேர்ந்துகொண்டார். அவருக்குச் சிலை எழுந்தது. அப்பெண்களின் பெயர்களை உலகம் நினைக்க நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

பழகாத கை முதன்முதலில் தவறு செய்யும். அந்தத் தவறு எவர் உடலில் நிகழ வேண்டும் என்பதைச் சமுதாயமே தீர்மானிக்கிறது. தருமச் சத்திரங்களிலும் இலவச விடுதிகளிலும் கிடந்தவர்கள் மீது அது நிகழட்டும் என்று பழைய சமுதாயம் தீர்மானித்தது. பாவை வந்து நிற்பது இந்த இடத்தில்தான். தவறுகளைத் தன் துணி உடலிலே ஏற்றுக்கொண்டு, ஏழையின் உடலை அது விடுவிக்கிறது.

கிராமத்துப் பெண்களின் பள்ளிக்கூடம்

பாவனைப் பயிற்சியின் தாய் என்று சொல்லத் தக்கவர் பிரான்சு நாட்டு மருத்துவிச்சி ஒருவர். ஏஞ்சலிக் து கூத்ரே என்ற அப்பெண்மணி, பெண்ணின் இடுப்புப் பகுதியை இயல்பான அளவில் துணியாலும் தோலாலும் பஞ்சாலும் செய்து, உள்ளே குழந்தைப் பாவையையும் கொப்பூழ்க் கொடியையும் வைத்தார். அதனை அவர் ‘இயந்திரம்’ என்றே அழைத்தார். 1759இல் பதினைந்தாம் லூயி மன்னன் அவருக்கு ஆணை வழங்கி, நாடெங்கும் சென்று கற்பிக்குமாறு பணித்தான். மன்னனுக்கு ஏழைத் தாய்மாரின் மேல் திடீரென்று கருணை பிறந்துவிடவில்லை. நாட்டின் மக்கட்தொகை குறைகிறது, படைக்கும் வரிக்கும் ஆள் இல்லாமற் போகும் என்ற அச்சமே அவனை உந்தியது. ஆனால் வரலாற்றில் ஆள்வோரின் கணக்கு ஒன்றாகவும், மக்கள் அதிலிருந்து பறித்துக்கொள்ளும் பயன் வேறொன்றாகவும் இருப்பது உண்டு.

து கூத்ரே கால் நூற்றாண்டளவு ஊர் ஊராக அலைந்தார். ஏறத்தாழ 5,000 பெண்களுக்கு அவர் நேரே கற்பித்தார் என்பர். அவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாத குடியானவப் பெண்கள். புத்தகத்தால் எட்ட முடியாத அவர்களைப் பாவை எட்டியது. ஒவ்வொருத்தியும் தன் கையாலே குழந்தையைத் திருப்பினாள், தவறினாள், மறுபடியும் திருப்பினாள். தவறியபோது எந்தத் தாயும் சாகவில்லை. அவ்வியந்திரங்களுள் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

எழுத்தறிவு இல்லாதவருக்கும் உயர்ந்த வித்தையைக் கற்பிக்கலாம், கற்பிக்கும் முறையை மாற்றினாற் போதும் என்பதை மெய்ப்பித்த இந்நிகழ்ச்சி, பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே நடந்த ஒரு சிறு கல்விப் புரட்சி.

இகழப்பட்ட மூச்சு

உயிர்மீட்பின் வரலாறு நீரிலிருந்தே தொடங்குகிறது. 1740இல் பரிஸ் விஞ்ஞானக் கழகம், நீரில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும் என்று பரிந்துரைத்தது. கால்வாய்கள் நிறைந்த அம்ஸ்ரர்டாம் நகரில் 1767இல் நீரில் மூழ்கியோரைக் காக்கும் சங்கம் தோன்றியது. இலண்டனில் 1774இல் அத்தகைய சங்கம் எழுந்து, பின்னர் அரச மனிதாபிமானச் சங்கம் எனப் பெயர் பெற்றது. மீட்க முயன்றவருக்கு அது பரிசுப் பணம் கொடுத்தது; தேம்ஸ் நதிக் கரையில் கருவிப் பெட்டிகளை வைத்தது.

அப்பெட்டிகளில் துருத்தி இருந்தது. புகையிலைப் புகையை ஆசனவாய் வழியே செலுத்தும் கருவியும் இருந்தது! 1811இல் பென்ஜமின் புறோடி என்ற ஆய்வாளர் புகையிலையின் நச்சுத் தன்மையை விலங்குகளில் காட்டிய பின்னரே அவ்வழக்கம் தளர்ந்தது. இன்று நமக்கு நகைப்பாகத் தோன்றும் இம்முறையைக் கனவான்கள் மேன்மையாகக் கொண்டாடினர். வாயால் ஊதும் முறையையோ அவர்கள் மெல்ல ஒதுக்கினர். அது பாமரரின் முறை. மருத்துவிச்சிகள் அசைவற்றுப் பிறந்த சிசுக்களுக்குச் செய்யும் முறை. கற்றோர் செய்வது அழகன்று என்ற எண்ணம் வைத்தியரிடையே பரவியது.

அதன் பின்னர் வந்த முறைகள் பல. 1858இல் சில்வெஸ்ரர் கைகளைத் தூக்கி இறக்கச் சொன்னார். 1903இல் ஷேஃபர் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தச் சொன்னார். 1932இல் ஹொல்கர் நீல்சன் இரண்டையும் இணைத்தார். சாரணர் இயக்கத்திலும் முதலுதவி வகுப்பிலும் பயின்ற நம் மூத்த ஆசிரியர் பலர் கற்றது இம்முறைகளையே.

இகழப்பட்ட மூச்சு மீண்டும் எழுந்த கதை சுவையானது. 1946இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்தில் இளம்பிள்ளைவாத நோயாளர் விடுதி. மூச்சுத் திணறி நீலம் பாரித்த ஒரு குழந்தை தள்ளுவண்டியில் வருகிறது. ஜேம்ஸ் ஈலம் என்ற இளம் வைத்தியர் தயங்காமல் அதன் மூக்கில் வாய் வைத்து ஊதினார். குழந்தையின் நிறம் திரும்பியது. பிறந்த சிசுக்களுக்கு வாயால் ஊதும் பழைய வழக்கத்தைப் பற்றி முதல்நாள் இரவுதான் ஒரு நூலில் அவர் வாசித்திருந்தாராம். மருத்துவிச்சியின் வித்தை நூற்றாண்டுகளைத் தாண்டி வந்து விஞ்ஞானியின் கையைத் தொட்டது என்றால் மிகையாகாது.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் 21 விழுக்காடு ஒட்சிசன் உண்டு. வெளிவிடும் காற்றிலும் 16 விழுக்காட்டுக்குக் குறையாமல் எஞ்சியிருக்கிறது. பிறர் உயிரைத் தாங்க அது போதும் என்று ஈலம் 1954இல் நிறுவினார். பல்ரிமோர் நகரில் பீற்றர் சேஃபர், தொண்டர்களாக முன்வந்தோரை மருந்தினால் அசைவறச் செய்து, பழைய முதுகழுத்த முறைகளையும் வாய்ச் சுவாசத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பயிற்சியற்ற சாமானிய மக்கள் ஊதியபோதும் மார்பு எழுந்தது. பழைய முறைகள் தோற்றன. 1960இல் அதே நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிலையத்தைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவர், நெஞ்சைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கலாம் என அறிவித்தனர். அவர்களுள் கூவன்ஹோவன் வைத்தியரல்லர், மின் பொறியியலாளர். மூச்சும் அழுத்தமும் இணைந்தன. இரண்டு கைகளும் ஒரு வாயும் இருந்தால் எவரும் எங்கும் ஓர் உயிரைத் தாங்கிப் பிடிக்கலாம் என்ற நிலை மனித வரலாற்றில் அன்றுதான் பிறந்தது.

பாவையின் முகம்

வித்தை கிடைத்தது, பழகுவது எப்படி? உயிருள்ளவனின் நெஞ்சை அவ்வாறு அழுத்த முடியாது. எலும்பு முறியும், இதயமும் ஊறுபடும். ஆகவே மீண்டும் பாவை வேண்டியதாயிற்று.

தாதியர் கல்வியில் பாவை முன்பே புகுந்திருந்தது. 1911இல் அமெரிக்காவின் ஹார்ட்பர்ட் வைத்தியசாலைத் தாதியர் பயிற்சிப் பள்ளி, மார்த்தா சேஸ் என்ற பொம்மைத் தொழிற்சாலை உரிமையாளரிடம் ஆள் அளவான பொம்மை ஒன்றைச் செய்வித்தது. மாணவியர் அதனைத் தூக்கவும், திருப்பவும், குளிப்பாட்டவும் பழகினர். அது ‘திருமதி சேஸ்’ எனப் பெயர் பெற்று உலகெங்கும் தாதியர் பள்ளிகளுக்குச் சென்றது. ஆனால் அந்தப் பாவை மூச்சு விடாது.

மூச்சுவிடும் பாவையைத் தந்தவரும் பொம்மை செய்பவரே. நோர்வே நாட்டின் ஸ்ரவாங்கர் நகரத்து ஒஸ்முண்ட் லேர்டால், மென்மையான பிளாஸ்ரிக்கில் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் செய்து விற்றவர். 1955இல் நீரில் மூழ்கிய தம் இரண்டு வயது மகனைத் தூக்கியெடுத்து, சுவாசப் பாதையைச் சீராக்கி உயிர் பிழைக்கச் செய்தார். நோர்வே வைத்தியர் பியோன் லிண்ட், சேஃபர் ஆகியோரின் தூண்டுதலால் அவர் செய்த ‘அன்னா’ப் பாவை 1960இல் வெளிவந்தது. தலையைப் பின்சாய்த்து மோவாயை உயர்த்தினால் மட்டுமே அதன் நெஞ்சிற் காற்றுப் புகும். தலையைச் சரியாகப் பிடிக்காதவன் எவ்வளவு ஊதினாலும் பாவை மூச்செடுக்காது. எந்த ஆசிரியரின் பிரம்பும் இத்தனை தெளிவாகத் தவறைச் சுட்டாது!

அன்னாவின் முகம் யாருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரிஸ் நகர வீடுகளில் அலங்காரமாகத் தொங்கிய ஓர் இளம்பெண்ணின் முகவார்ப்பு அது. சேன் நதியில் மூழ்கி இறந்த, உரிமை கோர ஆளில்லாத பெண் என்பது கதை. மூழ்கி இறந்தவள் முகம் அத்தனை அமைதியாக இராது என்று மறுப்போரும் உண்டு. எதுவாயினும் அவளுக்குப் பெயர் இல்லை. பெயரற்ற ஒருத்தியின் முகத்தின்மீது குனிந்து மூச்சுக் கொடுத்தே கோடிக்கணக்கான மக்கள் இவ்வித்தையைக் கற்றிருக்கிறார்கள்.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. பெண் முகம் தாங்கிய பாவைக்கும் நெஞ்சு தட்டையாகவே இருந்தது. பொது இடத்தில் இதயம் நின்று வீழ்ந்தோரைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று, ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 39 விழுக்காட்டினருக்கும் மட்டுமே அருகிலிருந்தோர் நெஞ்சழுத்தம் கொடுத்தனர் எனக் கண்டது. பெண்ணுடலைத் தொடுவதற்குத் தயங்கி ஒரு பெண்ணைச் சாகவிடும் சமுதாயம் மேனாட்டிலேயே இருக்குமாயின், நம் ஊர்களில் அத்தயக்கம் எத்துணை ஆழமாக இருக்கும்! பாவைப் பயிற்சி கைகளை மட்டும் பழக்கினாற் போதாது. இக்கூச்சத்தையும் உடைக்க வேண்டும்.

மானிப்பாய் கற்பித்த பாடம்

இவையெல்லாம் மேனாட்டு வரலாறு, நமக்கு இதிற் பங்கில்லை என்று எண்ண வேண்டாம். நவீன வைத்தியத்தை மக்கள் மொழியில் கற்பித்த பெருமை யாழ்ப்பாணத்துக்கு உண்டு.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820இலேயே பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கியவர். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடரே பின்னாளில் வேலூரில் வைத்தியசாலையும், 1909இல் தாதியர் பள்ளியும் நிறுவினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், ஆங்கிலம் கற்றோர் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டார். 1860களில் தமிழிலேயே கற்பிக்கலானார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடற்றொழிலுக்குச் சுகரணவாதம் என்று கலைச்சொற்களைத் தேடித் தேடிச் சமைத்தனர் அவரும் அவருடைய தமிழ் மாணாக்கரும்.

கிறீன் வந்தது மதம் பரப்பவே; அதை அவர் மறைத்ததில்லை. தமிழருக்கு வைத்திய ஊழியர் என்று தம் கல்லறையிற் பொறிக்கச் சொன்னவர் அவர். அவருடைய நோக்கத்தோடு நாம் உடன்படலாம், மாறுபடலாம். ஆயினும் ஓர் உண்மையை அவர் செயல் நிறுவிவிட்டது. கடினமான விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க முடியாது என்ற வாதம் மானிப்பாயில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே பொய்யாகிவிட்டது.

இது பாவைக்கும் பொருந்தும். தாதிய மாணவி பாவையின் நெஞ்சை அழுத்தும்போது எண்ண வேண்டும். உடன் நிற்போருக்குக் கட்டளையிட வேண்டும். கூடிநிற்கும் உறவினருக்கு நிலைமையை உரைக்க வேண்டும். இவற்றை அவள் நெடுந்தீவிலே எந்த மொழியிற் செய்யப் போகிறாள்? அந்த மொழியிலேயே பழகுவதுதானே முறை? பாவனைப் பயிற்சியின் உயிர், மெய்யான சூழலை ஒத்திருப்பதில் இருக்கிறது. மொழி அச்சூழலின் முதற் கூறு.

தாதியின் அதிகாரம்

உயிர்மீட்பில் தாதிக்கு இடம் எளிதில் கிடைக்கவில்லை. மருத்துவரின் கட்டளைக்குக் காத்து நிற்பதே அவள் கடமை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் நின்ற இதயம் கட்டளைக்குக் காத்திராது. 1960களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் லோறன்ஸ் மெல்ற்சர் என்ற வைத்தியரும் றோஸ் பினியோ என்ற தாதியும், இதய நோயாளர் தனிவிடுதியில் மின் அதிர்ச்சிக் கருவியைத் தாதியரே இயக்கலாம் என்று துணிந்தனர். அதுவரை வைத்தியருக்கு மட்டுமே உரியது எனக் கருதப்பட்ட செயல் அது. பயிற்சி பெற்ற தாதியின் கையில் அது திறம்பட நடந்தது. 1965இல் தாதியருக்கெனவே அவர்கள் கைந்நூல் எழுதினர்.

திறமை பெற்றவளுக்கு அதிகாரம் தர மறுக்கும் அமைப்பும், அதிகாரம் தந்துவிட்டுத் திறமை பெற வாய்ப்பளிக்காத அமைப்பும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். தீவகத்தில் நாம் காண்பது பெரும்பாலும் இரண்டாவது. இரவில் வைத்தியர் கரையில் இல்லாதபோது முழுப் பொறுப்பும் தாதியின் தலையில் விழுகிறது. அவளுக்கு வேண்டியது பழகிய கை.

ஒருநாள் பயிற்சியும் தினப் பயிற்சியும்

பாவனைப் பயிற்சியில் நடப்பது என்ன? ஓர் அறையில் பாவை கிடக்கிறது. ஆசிரியர் ஒரு நிலைமையைச் சொல்கிறார்: பத்து வயதுச் சிறுவன், கேணியிலிருந்து தூக்கப்பட்டான், மூச்சில்லை. ஒருத்தி சுவாசப் பாதையைத் திறக்கிறாள். ஒருத்தி நெஞ்சை அழுத்துகிறாள். ஒருத்தி நேரம் குறிக்கிறாள். வளர்ந்தவருக்கு நெஞ்செலும்பு 5 சென்ரிமீற்றர் ஆழமாவது இறங்க வேண்டும், 6ஐத் தாண்டலாகாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வோர் அழுத்தத்தின் பின்னும் நெஞ்சு முற்றாக எழ விடவேண்டும். இரண்டு நிமிடத்தில் கை தளரும். அப்போது ஆள் மாற வேண்டும். எல்லாம் முடிந்தபின் வட்டமாக அமர்ந்து, எங்கே நேரம் வீணாயிற்று, ஏன் தயங்கினோம் என்று ஒளிவுமறைவின்றிப் பேசுகின்றனர். கற்றலின் பெரும்பகுதி இந்தப் பேச்சிலேதான் நிகழ்கிறது. குற்றம் சாட்டாத சபையில் தவறு ஆசிரியனாகிறது.

இங்கே தீவகத்தாருக்கு ஒரு சிறப்புப் பாடமும் உண்டு. திடீரென இதயம் நின்று வீழ்ந்தவருக்கு, பயிற்சியற்றோர் நெஞ்சழுத்தம் மட்டும் கொடுத்தாலும் பயனுண்டு. இந்திய உயிர்மீட்புக் கழகம் 2017இல் பொதுமக்களுக்கு அம்முறையையே வகுத்தது. ஆனால் நீரில் மூழ்கியவர் நிலை வேறு. அவர் இரத்தத்தில் ஒட்சிசன் தீர்ந்த பின்னரே இதயம் நிற்கிறது. ஆதலின் பயிற்சி பெற்றவர் அவருக்கு முதலில் மூச்சே கொடுக்க வேண்டும். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வது நம் கரைகளில் இன்னும் மறையாத வழக்கம். அது பொன்னான நிமிடங்களைத் தின்பதோடு, இரைப்பையில் உள்ளதை நுரையீரலுக்குள் செலுத்திக் கேடும் விளைக்கும். நகரத்துக்கு எழுதிய பாடத்தை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுவருவது எவ்வளவு பிழை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆபிரிக்காவின் தன்சானியா நமக்கு மற்றொரு பாடம் தருகிறது. பிறந்ததும் மூச்சுவிடாத சிசுக்களைக் காக்கும் பயிற்சித் திட்டம் ஒன்று 2010இல் உலக அளவில் தொடங்கப்பட்டது. தண்ணீர் நிரப்பினால் சிசுவின் எடையும் தன்மையும் பெறும் மலிவான பாவை அதற்கெனச் செய்யப்பட்டது. தன்சானியாவின் எட்டு வைத்தியசாலைகளில் அப்பயிற்சிக்குப் பின்னர், பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் சிசு மரணங்கள் 47 விழுக்காடு குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதே நாட்டின் ஹைடொம் வைத்தியசாலையிற் கண்ட உண்மை சிந்திக்கத் தக்கது. ஒருநாள் பயிற்சி பெற்றோர் பாவையிடம் திறமையாகச் செய்தனர். மெய்யான பிரசவ அறையிலோ மாற்றம் காணவில்லை. பின்னர் பாவையைப் பிரசவ விடுதியிலேயே வைத்து, சில நிமிடங்களே ஆயினும் அடிக்கடி பழகச் செய்தபோதுதான் செயலும் மாறியது, மரணமும் குறைந்தது.

உயிர்மீட்புத் திறன் மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. இதனை அறிந்தபின், ஆண்டுக்கொரு முறை நகர மண்டபத்தில் பயிலரங்கு நடத்தி, சான்றிதழ் வழங்கி, புகைப்படம் எடுத்துக் கலைவதை என்னவென்பது? பாவை பூட்டிய அலுமாரியில் உறங்கினால் அது வெறும் பொம்மை. தீவு வைத்தியசாலையின் ஒரு மூலையில், எப்போதும் எவரும் தொடக்கூடிய இடத்தில் கிடந்தால்தான் அது ஆசிரியன்.

கரையில் நின்று கேட்பவை

பாவையே எல்லாம் செய்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. பழகிய கை நான்கு நிமிடத்தை வெல்லும். அடுத்த நாற்பது நிமிடத்தை வெல்வதற்குப் படகு வேண்டும், ஒட்சிசன் வேண்டும், மருந்து வேண்டும், ஆள் வேண்டும். ‘1990 சுவசெரிய’ அவசர வண்டிச் சேவை 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018இல் வடக்குக்கு வந்தது. நன்மைதான். ஆனால் வண்டி கடலில் ஓடாது. பயிற்சியைக் காட்டி ஆட்பற்றாக்குறையை மறைப்பதும், பாவையைக் காட்டிப் படகை மறுப்பதும் நடந்தால் அதனை நாம் எதிர்த்தே ஆகவேண்டும்.

இம்மண்ணின் தாதியர் எந்நிலையிலும் கடமை தவறாதவர். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் சுட்டபோது, நோயாளரோடும் வைத்தியரோடும் தாதியரும் கடமையிடத்திலேயே மாண்டனர். 1991இல் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவின் பல வீடுகள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன. எஞ்சியிருப்போரும் திரும்பி வந்தோரும் சிலரே. சிலரே இருக்கிறார்கள் என்ற காரணங்காட்டி அவர்களுக்குரிய வசதிகளைக் குறைப்பது கணக்காகலாம், நீதியாகாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் ஏறத்தாழ 3 லட்சம் மக்கள் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் வறிய, நடுத்தர வருவாய் நாட்டினர். நீரும் ஆள் பார்த்தே விழுங்குகிறது! நோர்வேயில் 1960களின் தொடக்கத்திலேயே பாடசாலைப் பிள்ளைகளுக்கு உயிர்மீட்பைக் கற்பித்தனர். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1972இல் தொடங்கி இரண்டு ஆண்டில் ஒரு லட்சம் குடிமக்களுக்குக் கற்பித்தது. அங்கெல்லாம் முடிந்தது இறுப்பிட்டியில் ஏன் முடியாது? மீன் அளந்து கூறிட்டுப் பழகிய கைக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம் பிடிபடாதா? தாளத்துக்குக் கை தட்டும் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 100 அழுத்தம் வராதா?

தாதிய மாணவர்கள் தம் பயிற்சிக் காலத்தில் தீவுகளுக்கு வரட்டும். பாவையையும் தூக்கிக்கொண்டு வரட்டும். தாம் கற்றதை இறங்குதுறைப் படகோட்டிக்கும், பாடசாலை மாணவருக்கும், குடும்பநல மருத்துவிச்சிக்கும் தமிழிற் கற்பிக்கட்டும். கடலைப் பற்றி அவர்களிடம் கற்றுக்கொள்ளட்டும். ஆசிரியர்கள் பாடசாலைக் கதவைத் திறந்து இடங்கொடுக்கட்டும். து கூத்ரே குதிரை வண்டியிற் செய்ததைப் படகிற் செய்வதற்கு மன்னன் ஆணை வேண்டியதில்லை. மக்களின் வற்புறுத்தல் வேண்டும்.

அறிவு சிலரது உடைமையாக இருந்த காலத்தில் உயிரும் சிலரது உடைமையாகவே இருந்தது. மருத்துவிச்சியின் வாயிற் பிறந்து, கனவான்களால் இகழப்பட்டு, ஆய்வுகூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டு, பெயரற்ற பெண்ணின் முகங்கொண்ட பாவை வழியாக உலகெங்கும் சென்ற இந்த மூச்சு, பொதுமக்களின் சொத்து. அது கடல் கடந்து நம் தீவுகளுக்கும் வந்து சேர வேண்டும்.